அமைச்சர்கள் கூடும் அவை

திருப்பதிக்குச் செல்வோர் பெரும்பாலும் மலையேறுவதற்கே செல்கின்றனர். 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் நாள் அந்நகருக்கு வந்த சிலரோ வேறொரு காரியத்திற்காக வந்தனர். தென் மண்டலக் கவுன்சிலின் 29-வது கூட்டம் அன்று அங்கே நடைபெற்றது. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தலைமை வகித்தார். ஆந்திரப் பிரதேசத்தின் அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி வந்தோரை வரவேற்றார். கர்நாடகத்தின் அன்றைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை நேரில் வந்திருந்தார். தமிழ்நாட்டின் சார்பில் முதலமைச்சருக்குப் பதிலாக அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி கலந்துகொண்டார். தெலங்கானாவின் சார்பில் அம்மாநில உள்துறை அமைச்சர் மஹ்மூத் அலி வந்தார்.

மறுநாள் நாளிதழ் படித்தோரில் பலர், யார் வந்தார், யார் வரவில்லை என்பதோடு அச்செய்தியை முடித்துக்கொண்டிருப்பர். அது நல்ல வினாவே. ஆயினும் அதனோடு நின்றுவிடலாகாது. அமைச்சர் ஒருவர் வாராதொழிந்தால் அந்த அவையில் எது குறைகிறது? வந்தால் எது கூடுகிறது? அங்கே எட்டப்படும் முடிவு யாரைக் கட்டுப்படுத்தும்? இவ்வினாக்கள் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மற்றவர்களைக் காட்டிலும் நெருக்கமானவை. அஃது ஏன் என்பதை இப்பேச்சில் விளக்க முற்படுகிறோம்.

பல அரசுகளின் அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் அவைகள் உலகில் பலவகை. அவற்றை மூன்று வகையாகப் பகுத்துக் காண்பது எளிது.

முதல் வகை, நாடுகளுக்கு மேற்பட்ட அதிகாரம் உடைய அவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் கவுன்சில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இன்று 27 நாடுகளின் அமைச்சர்கள் அதில் அமர்கின்றனர். வேளாண்மை பற்றிய கூட்டமாயின் வேளாண் அமைச்சர்களும், நிதி பற்றியதாயின் நிதி அமைச்சர்களும் வருவர். வருபவர் தம் அரசின் சார்பில் ஒப்புதல் அளிக்கவும் வாக்களிக்கவும் அதிகாரம் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்று உடன்படிக்கையே விதிக்கிறது. பெரும்பாலான பொருள்களில் 55 விழுக்காடு நாடுகள் இசைந்து, அந்நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காடேனும் அடங்குமாயின் முடிவு நிறைவேறும். எதிர்த்த நாட்டையும் அது கட்டுப்படுத்தும். வர இயலாத உறுப்பினர் தம் வாக்கை வேறொரு நாட்டின் உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் எவரும் தம் வாக்கோடு இன்னும் ஒரே ஒரு நாட்டின் வாக்கையே ஏற்கலாம்.

இத்தகைய அவையில் ஓர் இருக்கை வெறுமையானால் என்ன நிகழும் என்பதை 1965-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அன்று ஐரோப்பியச் சமூகத்தில் ஆறு நாடுகளே இருந்தன. வேளாண்மைச் செலவு பற்றியும், பெரும்பான்மை வாக்கினால் முடிவெடுக்கும் முறை பற்றியும் எழுந்த பிணக்கினால், அதிபர் டி கோலின் பிரெஞ்சு அரசு அவ்வாண்டின் நடுவிலிருந்து தன் அமைச்சர்களை அவைக்கு அனுப்பவில்லை. ஏறத்தாழ ஏழு திங்கள் அந்த இருக்கை வெறுமையாகக் கிடந்தது. 1966 ஜனவரியில் லக்ஸம்பர்க் நகரில் ஓர் இணக்கம் ஏற்பட்ட பின்னரே பிரான்ஸ் திரும்பிற்று. ‘வெற்று நாற்காலி நெருக்கடி’ என்றே வரலாறு அதனைக் குறிக்கிறது.

இரண்டாம் வகை, எல்லோரும் இசைந்தாலன்றி எதுவும் நடவாத அவை. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு அத்தகையது. ஒருமித்த இசைவே அதன் விதி. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடைபெற இருந்த உச்சி மாநாட்டிற்கு இந்தியா செல்ல இயலாதென அறிவித்தது, வேறு சில நாடுகளும் அவ்வாறே அறிவித்தன, மாநாடு நடைபெறவில்லை. ஓர் இருக்கை வெறுமையானால் அவையே கலையும் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் வகை, அறிவுரை கூறும் அவை. எவர் வாராவிடினும் கூட்டம் நடக்கும். எம்முடிவும் எவரையும் சட்டத்தால் கட்டாது. திருப்பதியில் கூடிய மண்டலக் கவுன்சில் இவ்வகையினது. கட்டாத அவைக்கு யார் வந்தால் என்ன என்று சிலர் கருதலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. சட்டம் கட்டுப்படுத்தாத இடத்தில், வந்தவர் கொடுக்கும் வாக்குறுதி ஒன்றே கட்டுப்படுத்த வல்லது. ஆகவே, வந்தவர் யார், எவ்வளவு அதிகாரத்துடன் வந்தார் என்பது அங்கேதான் மிகுதியும் பொருட்படுத்தத் தக்கதாகிறது.

மண்டலக் கவுன்சிலின் அமைப்பைச் சிறிது காண்போம். மொழிவழி மாநிலங்களை அமைத்த 1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டமே இக்கவுன்சில்களையும் தோற்றுவித்தது. மொழிவழியே பிரிந்தவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று பிரதமர் நேரு கருதினார். நாடு ஐந்து மண்டலங்களாக வகுக்கப்பட்டது. தென் மண்டலத்தில் இன்று ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவை உள்ளன. அந்தமான், இலட்சத்தீவு ஆட்சிப் பகுதிகள் சிறப்பு அழைப்பாளர்களாக வருகின்றன.

மத்திய அமைச்சர் ஒருவர் தலைவர். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் முதலமைச்சரும், ஆளுநர் நியமிக்கும் வேறு இரண்டு அமைச்சர்களும் உறுப்பினர்கள். முதலமைச்சர்கள் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்துத் துணைத் தலைவராவர். ஆகவே ஒரு மாநிலத்திற்கு மூன்று இருக்கைகள் உண்டு. முதலமைச்சர் வர இயலாத நாளிலும் அம்மாநிலத்தின் குரல் அவையில் ஒலிக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. அமைச்சரவையே இல்லாத காலத்தில்கூட மூவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். தலைமைச் செயலாளர் போன்ற உயர் அலுவலர்கள் ஆலோசகராக அமர்வர். அவர்கள் பேசலாம், வாக்களிக்க இயலாது. அரசின் சார்பில் சொல் கொடுக்கும் உரிமை மக்களுக்குப் பொறுப்புடைய அமைச்சருக்கே உரியது என்பது இதன் கருத்து.

கவுன்சில் எவற்றைப் பேசலாம் என்பதையும் சட்டம் வரையறுத்துள்ளது. பொருளாதார, சமூகத் திட்டங்களில் பொதுநலம் உடையவை, எல்லைத் தகராறுகள், மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்து, மாநிலச் சீரமைப்பினால் எழுந்தவை. இவற்றோடு இன்னும் ஒன்றும் அப்பட்டியலில் இருக்கிறது: மொழிச் சிறுபான்மையினர். நேயர்களே, அந்தச் சொல் நம்மையே குறிப்பது.

கூட்டம் நடந்த இடத்தை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் நன்கு விளங்கும். வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகப் பழைய இலக்கண நூற்பாயிரம் கூறுகிறது. எல்லை என்பது பிரிக்கும் இடம் மட்டுமன்று. இருவர் சந்திக்கும் இடமுமாம். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை அது சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். அதன்பின் எல்லைப் பூசல் எழுந்தது. பட்டாஸ்கர் அளித்த பரிந்துரையின்படி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்தில் சேர்ந்தன. கூட்டம் நடந்தபோது திருப்பதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் அது தனி மாவட்டமாயிற்று.

எங்கே கோடு கிழித்தாலும் கோட்டிற்கு அப்பால் சிலர் நிற்கவே செய்வர். சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தமிழ்நாட்டிலும் தெலுங்கு பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 1953-க்கு முன்னர் சித்தூரில் உள்ள ஒரு பள்ளிக்குத் தமிழ்ப் பாடநூல் வேண்டுமென்றால், ஒரே அமைச்சரவையின் கோப்பில் அச்செய்தி முடிந்திருக்கும். இன்று பாடநூல் ஓர் அரசிடம் இருக்கிறது. பள்ளி மற்றோர் அரசிடம் இருக்கிறது. ஆற்று நீரும் அவ்வாறே. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைக் கால்வாய் இந்த வட்டாரத்தைக் கடந்துதான் பூண்டியை அடைகிறது. 1983-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாடே அதற்கு அடிப்படை. அத்திட்டத்திற்காகத் தமிழ்நாடு தர வேண்டிய தொகையை ஆந்திர முதலமைச்சர் திருப்பதிக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். ஒரே அரசின் உள்விவகாரமாக இருந்தவை இரண்டு அரசுகளின் இசைவை வேண்டும் விவகாரங்கள் ஆயின. அவ்விசைவு உண்டாகும் இடம் அமைச்சர்கள் சந்திக்கும் மேசை.

அம்மேசையில் பேசப்படுவது நம் வீட்டு வாசல்வரை வருமா என்ற ஐயம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம், சில ஆண்டுகளுக்கு முன்பு வெளிமாநில நகரம் ஒன்றிற்கு மாற்றப்பட்டோம். நம் மகள் அப்பொழுது முதல் வகுப்பில் சேரும் பருவத்தினள். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, பள்ளியில் தொடக்க வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு வேண்டுமென விண்ணப்பித்தோம். பத்துக் குழந்தைகளின் பெயர்களைத் தந்தோம். ஜூன் மாதத்தில் ஒருவருக்கு வேற்றூருக்கு மாற்றல் வந்தது. பெயர்கள் ஒன்பதாயின. தலைமையாசிரியர் நல்லவர், சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். வகுப்பில் பத்துப் பேர் அல்லது பள்ளியில் நாற்பது பேர் என்று அதில் இருந்தது. “ஒன்று குறைகிறதே” என்றார். பிரிவு தொடங்கப்படவில்லை. வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “பத்துன்னு யாருப்பா சொன்னாங்க?”

நமக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்து அறிந்தோம். 1949 ஆகஸ்டில் மாகாணங்களின் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒன்றில் கூடினர். மாநில மொழியினின்றும் வேறுபட்ட தாய்மொழியை உடைய பிள்ளைகள் வகுப்பில் பத்துப் பேரோ பள்ளியில் நாற்பது பேரோ இருப்பின், ஓர் ஆசிரியரை அமர்த்தி அவர்கள் தாய்மொழியிலேயே தொடக்கக் கல்வி அளிக்க வேண்டும் என்று அவர்கள் இசைந்தனர். 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்கப் போதிய வசதி செய்ய முயல்வது ஒவ்வொரு மாநிலத்தின் கடமை என்று அது கூறுகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தோர் இசைந்த ஓர் எண், நம் மகளின் வகுப்பறை வாசலில் வந்து நின்றது.

பிறிதொன்றும் அறிந்தோம், அதுவே நம்மை மிகவும் வருத்திற்று. பத்துப் பேர் இருந்தால் மறுக்கலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. ஒன்பது பேர் இருந்தால் நடத்தலாகாது என்று அது எங்கும் கூறவில்லை. காப்பதற்காக வைத்த எண் தடுப்பதற்குப் பயன்பட்டது. அன்றே அறிந்திருந்தால் தலைமையாசிரியரிடம் பணிவுடன் சொல்லியிருப்போம். அவர் மேலிடத்திற்கு எழுதிக் கேட்டிருக்கவும் கூடும். அவையில் என்ன முடிவாயிற்று என்பதை அதன் சொற்களிலேயே அறிந்துவைக்காதவர் இழப்பது இத்தகையவற்றை.

சொற்களைப் பற்றிப் பேசுகையில், நம் தொழில் கற்பித்த ஒன்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வது தகும். கூட்டக் குறிப்புகளில் சில சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்றால், சொன்னதைக் கேட்டனர் என்பதே பொருள். ‘ஆராயப்படும்’ என்றால், கோப்பு வந்த வழியே திரும்புகிறது. ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றால், அவை தன் கருத்தைச் சொல்லிவிட்டது; செய்வதும் செய்யாததும் அந்தந்த அரசின் விருப்பம். ‘ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்பதே நாம் தேட வேண்டிய சொல். அச்சொல் எழுதப்பட வேண்டுமாயின், “என் அரசு இதற்கு இசைகிறது” என்று சொல்ல வல்லவர் இருக்கையில் இருத்தல் வேண்டும். அத்துறையை அறியாதவரோ, தம் முதல்வரைக் கேட்காமல் சொல் கொடுக்க இயலாதவரோ இருப்பின், “எங்கள் அரசிடம் தெரிவிக்கிறோம்” என்றே கூறுவர். குறிப்பில் ‘ஆராயப்படும்’ என்று ஏறும். அடுத்த கூட்டம்வரை அப்பொருள் காத்திருக்கும்.

அக்காத்திருப்பு எவ்வளவு நீளும்? பெங்களூரில் 28-வது கூட்டம் 2018 செப்டம்பரில் நடந்தது. திருப்பதிக் கூட்டம் மூன்றாண்டுகள் கழித்து நடந்தது. 1957-இல் முதற்கூட்டம் தொடங்கி 2021 வரை 64 ஆண்டுகளில் 29 கூட்டங்கள். இரண்டாண்டுக்கு ஒன்று என்றும் தேறவில்லை. ஒரு கூட்டத்தில் முடியாதது, ஒரு குழந்தையின் தொடக்கக் கல்விப் பருவத்தின் பாதியை விழுங்கிவிடக் கூடும்.

வாராத முதலமைச்சரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்த நவம்பரில் தமிழ்நாட்டில் பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்திருந்தது. மக்களை விட்டு நீங்காதிருப்பதும் கடமையே. அதற்கடுத்த 30-வது கூட்டம் 2022 செப்டம்பர் 3-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் நடந்தபோது முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் சென்றார். நாம் கேட்க வேண்டியது ஆளைப் பற்றியன்று, ஆணையைப் பற்றியது. அனுப்பப்பட்டவர் இசைவளிக்கும் அதிகாரத்துடன் அனுப்பப்பட்டாரா என்பதே வினா. அவ்வதிகாரம் பெற்ற ஓர் அமைச்சர், அது பெறாத பதின்மரைக் காட்டிலும் பயன்தருவார்.

நம் நாட்டிலேயே கட்டுப்பாடு மிகுந்த வேறொரு முறையும் உண்டு. 2016-இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக வகுக்கப்பட்ட சரக்கு, சேவை வரிக் கவுன்சிலில் ஒவ்வொரு மாநிலமும் ஓர் அமைச்சரை அமர்த்துகிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்தாலே கூட்டம் செல்லும். மத்திய அரசின் வாக்கிற்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. வந்து வாக்களித்தோரின் எடையில் நான்கில் மூன்று பங்கு இருந்தால் முடிவு. வாராதவரின் எடை கணக்கில் ஏறாது. அதன் பரிந்துரைகளும் சட்டமன்றங்களைக் கட்டாயமாகப் பிணிக்கா என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவைப் போல நாடுகளுக்கு மேற்பட்ட அதிகாரம் நம் நாட்டில் எந்த அமைச்சர் அவைக்கும் இல்லை. நம்முடையவை பெரும்பாலும் இசைவினால் இயங்குபவை.

இனி, பிற மாநிலத் தமிழர் செய்யத்தக்கது யாது? அவ்வவையில் தமிழ்நாட்டின் இருக்கை நமக்காகப் பேசும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பேசினால் நன்றே. ஆயின் நாம் வாக்களிப்பது வாழும் மாநிலத்தில். நம் பள்ளியும் அம்மாநிலத்தின் பொறுப்பு. சித்தூர்த் தமிழருக்காகச் சொல் கொடுக்க வேண்டியது ஆந்திரத்தின் இருக்கை. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் தந்து துணைநிற்க வேண்டியது தமிழ்நாட்டின் இருக்கை. இரண்டும் நிறைந்திருந்தாலன்றி நம் காரியம் முடியாது. ஒன்று நிறைந்து மற்றொன்று வெறுமையாக இருப்பது ஒற்றைக் காளை பூட்டிய ஏர் போன்றது.

கூட்டத்திற்கு முன்னரே தலைமைச் செயலாளர்கள் அடங்கிய நிலைக்குழு கூடிப் பேசவேண்டிய பொருள்களைத் தொகுக்கிறது. மாநில அரசு எழுதி அனுப்பாத பொருள் மேசைக்கு வருவதரிது. ஆகவே நம் சங்கங்கள் பொங்கல் விழாவிற்கு அமைச்சரை அழைத்து மாலையிடுவதோடு நில்லாமல், பள்ளியின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, வேண்டும் ஆசிரியர் எத்தனை, நூல் எத்தனை என்பவற்றை எழுத்தில் கொடுத்தல் வேண்டும். வாழும் மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினரிடமும், பிறந்த மாநிலத்தின் அரசிடமும் ஒருங்கே கொடுத்தல் வேண்டும். அரசியலமைப்பின் 350-பி பிரிவு, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அலுவலரை ஏற்படுத்தியிருக்கிறது. அவருக்கும் ஒரு படி அனுப்புவது நன்று.

அரசுகள் மனம் வைத்தால் கூடிச் செய்ய இயலும் என்பதற்குச் சித்தூர் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் குப்பத்தில், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் ஆந்திர அரசு 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. எந்தச் சட்டமும் அவ்வரசுகளை அங்கே கட்டி இழுக்கவில்லை, இசைவே இழுத்தது.

திருப்பதிக் கூட்டத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. வந்திருந்த மாநிலங்களின் மொழிகளுக்கெல்லாம் அங்கே மொழிபெயர்ப்பு வசதி செய்யப்பட்டிருந்தது. வருங்காலத்தில் உறுப்பினர்கள் தத்தம் மாநில மொழியிலேயே தயக்கமின்றிப் பேசினால் மகிழ்வேன் என்று தலைவர் கூறினார். அதைக் கேட்டபோது, அந்த மேசைக்கு அருகே மொழிபெயர்ப்போர் அமர்ந்திருந்த இடத்தை நாம் எண்ணிப் பார்த்தோம். அமைச்சர் தமிழில் பேசலாம். நம்மைப் போன்றவர் அதனை மாற்றித் தரலாம். ஆனால் பேசாத வாயின் சொல்லை எந்த மொழிபெயர்ப்பாளராலும் மாற்றித் தர இயலாது.

நம் மகள் வீட்டிலேயே தமிழ் கற்றாள். மாலை வேளைகளில், அடுக்களை விளக்கின் கீழ், ஒன்பது குழந்தைகளுள் நால்வர் நம் வீட்டிற்கு வந்து சேர்ந்து படித்தனர். மற்ற ஐவருக்கும் அவ்வாய்ப்பு அமையவில்லை. இனி அமைச்சர்கள் கூடிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம், யார் வந்தார் என்று பார்த்த பிறகு, எதற்கு இசைந்தார் என்றும் தேடிப் பார்ப்போமாக. அந்த ஐவரின் பொருட்டேனும் அதைச் செய்வது நம் கடன்.